பத்தடி நடை… ராமேஸ்வரம் வரை!

மண்டபம் ஸ்டேஷன் தாண்டியதுமே ரயில் பெட்டியில் எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் கடல். 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலம் ஓய்ந்து போய்ப் பக்கத்தில் நிற்க, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் எங்கள் ரயில் நிதானமாக ஊர்ந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே எழும்புமாம். அத்தை (என் மாமியார்) ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கொட்டாமல் பார்த்தார்.

“அம்மாடி, நான் இதைப் பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை” என்றார்.

நானும்தான் நினைக்கவில்லை. காரணத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் ஊருக்குள் போகலாம்.

அத்தைக்கு வயது 72. மாமா இருந்தபோதே இருவரும் ராமேஸ்வரம் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட வேண்டும் என்று நினைத்திருந்தார்கள். பெண் கல்யாணம், வீடு கட்டியது என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போய், மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதற்கப்புறம் போன வருஷம் ஐப்பசி மழையில் அத்தை கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லுப் பக்கம் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த பிறகும் என் வீட்டுக்காரர், “அம்மா இனிமே எங்கேயும் போகவேண்டாம். உட்கார்ந்த இடத்திலேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். பாசம்தான்! ஆனால் நாலு மாசம் நாற்காலியே கதி என்று இருந்ததில், அத்தை கூடத்திலிருந்து சமையலறைக்கு வருவதற்கே சுவரைத் தடவிக்கொண்டு வர ஆரம்பித்துவிட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா சொல்லி, மதுரையில் ஒரு பிசியோதெரபி பெண்ணிடம் அழைத்துப் போனேன். ஏதோ பெரிய பெரிய மெஷின் இருக்கும் என்று நினைத்தேன். அங்கே இருந்ததோ ஒரு கைப்பிடி வைத்த நாற்காலி, தரையில் பத்தடி தூரத்தில் ஒட்டிய ஒரு பட்டை, ஒரு கடிகாரம். அவ்வளவுதான்!

“பாட்டி, நான் சொன்னதும் எழுந்து, வழக்கமா நடக்கிற மாதிரி அந்தக் கோடு வரைக்கும் போய், திரும்பி வந்து உட்காருங்க. அவசரம் வேண்டாம்.”

அத்தை எழுந்து போய்த் திரும்பி உட்கார 19 விநாடி ஆயிற்று. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழுகிற அபாயம் உண்டு, கவனிக்க வேண்டும் என்று விளக்கினாள் அந்தப் பெண். 1991-ல் கனடா நாட்டில் டயான் போட்சியாட்லோ, சாண்ட்ரா ரிச்சர்ட்சன் என்ற இரண்டு பெண்கள் இப்படிக் கடிகாரம் வைத்துப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தார்களாம். எழுந்திருக்கத் தொடையில் பலம் வேண்டும், நடக்க நிதானம் வேண்டும், திரும்பத் தடுமாறாமல் இருக்க வேண்டும், உட்காரும்போது தொப்பென்று விழாமல் இருக்க வேண்டும். தினசரி வாழ்க்கையில் விழுகிற இடங்கள் எல்லாமே அந்தப் பத்தடிக்குள் அடங்கிவிடுகின்றன, பாருங்கள்!

அடுத்தது, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு அரை நிமிஷத்தில் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணினாள். எழுபது, எழுபத்தைந்து வயதுப் பெண்மணி பத்துத் தடவையாவது எழுந்திருக்க வேண்டும். அத்தை ஐந்தோடு மூச்சு வாங்கினார்.

அப்புறம் கூடவே நடந்துகொண்டு, “காலையில என்ன டிபன் பாட்டி?” என்று கேட்டாள். அத்தை சட்டென்று நின்று, சுவரில் கை வைத்து, “ரவா உப்புமா” என்று சொல்லிவிட்டு மறுபடி நடந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. “இதுவும் பரீட்சைதான் அக்கா. பேச்சுக் கொடுத்தா நின்னுடறவங்களுக்கு, நடக்கிறதுக்கே முழுக் கவனமும் தேவைப்படுதுன்னு அர்த்தம்” என்றாள். ஸ்வீடன் நாட்டில் முதியவர்களிடம் இதைச் சோதித்து 1997-ல் எழுதியிருக்கிறார்களாம். பேச்சுக் கொடுத்ததும் நின்றுவிட்ட பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் ஆறு மாசத்துக்குள் விழுந்தார்களாம். எனக்குப் பகீரென்றது.

கடைசியாக மெதுவாகக் கேட்டாள்: “பாட்டி, ஐப்பசிக்கு முன்னாடியும் விழுந்திருக்கீங்களா?”

அத்தை என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “ரெண்டு தடவை. குளியலறையில ஒண்ணு, ராத்திரி எழுந்தப்ப ஒண்ணு. சொன்னா வெளியே விடமாட்டீங்க… அதான் சொல்லலை.”

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்கு இது தெரியாது! கோபமா, வெட்கமா, எனக்கே புரியவில்லை. விழுந்ததைச் சொன்னால் அன்பு கிடைக்காது, பூட்டுதான் கிடைக்கும் என்று அவரை நினைக்க வைத்தது நாங்கள்தானே?

ராத்திரி எழுந்தபோது விழுந்தார் என்றதும் அந்தப் பெண் டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். டாக்டர் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார். எழுந்து நின்றதும் அது சரசரவென்று இறங்கியது. தூக்கத்துக்கு வருஷக்கணக்கில் சாப்பிட்டு வந்த மாத்திரையை, ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தார். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் நிற்கவேண்டும் என்றார். கிட்டப்பார்வை, தூரப்பார்வை இரண்டும் சேர்ந்த கண்ணாடியோடு படி இறங்கும்போது ஜாக்கிரதை என்றும் சொன்னார்.

பத்து வாரம் பயிற்சி. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, பக்கவாட்டில் நடப்பது, ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை வைத்துப் பத்து விநாடி நிற்பது, நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவது. நான் குழம்பு கொதிக்கும்போது அத்தை பக்கத்தில் நின்று எண்ணுவார். மறுபடி சோதித்தபோது 13 விநாடி, ஒன்பது தடவை. “இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு. ஆனா போகலாம். ரப்பர் குமிழ் வெச்ச தடி வேணும், தனியா விடக்கூடாது, கூட்ட நாள் வேண்டாம்” என்றாள் அந்தப் பெண். அவரும் ஒருவழியாகச் சம்மதித்தார். அமாவாசை, விடுமுறை எல்லாம் தவிர்த்து ஒரு சாதாரணப் புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம்.

இனி ராமேஸ்வரம்! விடியற்காலையில் அக்னி தீர்த்தம். கோயிலுக்குக் கிழக்கே கடலுக்குத்தான் அந்தப் பெயர். அலையே இல்லாமல் குளம் மாதிரி கிடந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, அத்தை முழுக்குப் போட்டு எழுந்து, கிழக்கே பார்த்துக் கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றார். மாமாவை நினைத்துக்கொண்டார் என்று தெரிந்தது.

அங்கிருந்து ஈரப் புடவையோடு கோயிலுக்குள். முதலில் மகாலட்சுமி தீர்த்தம், கடைசியில் கோடி தீர்த்தம். ஒவ்வொரு கிணற்றின் மேலும் ஒருவர் நின்றுகொண்டு வாளியால் இறைத்து ‘தொப்’பென்று தலையில் ஊற்றுகிறார். கிணற்றுக்குக் கிணறு நடக்கவேண்டும். கீழே ஈரக் கல், மேலே ஈரப் புடவை, பின்னால் அவசரக்காரர்கள். அந்தப் பெண்ணின் பத்தடி இங்கே இருபத்திரண்டு தடவை வருகிறது!

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். “இப்பப் பேசாதே, நான் நடக்கறேன்” என்றார் அத்தை. அதுதான் அன்றைய சட்டம். நடக்கும்போது பேச்சில்லை, பேசவேண்டுமானால் நின்று பேசுவது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகி, குட்டிக் குட்டி அடியாக, திரும்பும்போது ஒரே சுழற்சியாகத் திரும்பாமல் நாலு அடி வைத்துத் திரும்பினார். அவசரக்காரர்களுக்கு ஓரமாக வழிவிட்டோம். பதினோராவது கிணற்றில், “கால் வலிக்குது” என்றார். திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். கோடி தீர்த்தம் முடிந்தபோது என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்!

உலர்ந்த துணி மாற்றி, ராமநாதசுவாமியையும் பர்வதவர்த்தினி அம்மனையும் தரிசித்துவிட்டு, பேர்பெற்ற மூன்றாம் பிராகாரத்துக்கு வந்தோம். மொத்தம் 1212 தூண்கள் என்கிறார்கள். நீளப்பக்கம் சுமார் 690 அடி. இந்தக் கோடியில் நின்று பார்த்தால் அந்தக் கோடித் தூண் விரற்கடை அளவுதான் தெரிகிறது.

“அம்மாடி, இது எத்தனை பத்தடி?”

“அறுபத்தொன்பது அத்தை!”

தடியை ஊன்றிக்கொண்டு, இரண்டு இடத்தில் நின்று, நடந்தே முடித்தார்.

அன்று விழுந்தது யார் தெரியுமா? நான்தான்! தங்கியிருந்த இடத்தின் வராந்தாவில், இரண்டு தோளிலும் பை, காலில் சுற்றிய ஈர முந்தானை, அவர் ஏதோ கேட்கத் திரும்பிப் பதில் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தை தடியை என் பக்கம் நீட்டி, “பேசிக்கிட்டே நடந்தே, அதான்” என்றாரே பார்க்கவேண்டும்!

உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் வழக்கமாகப் போடும் செருப்போடும் தடியோடும் இந்தப் பத்தடியை நடக்கச் சொல்லிப் பாருங்கள். நாற்காலி நகராமல் சுவரோரம் இருக்கட்டும், நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே நில்லுங்கள். 12 விநாடி தாண்டினால் பயப்படவேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், “விழுந்தீங்களா?” என்று கேளுங்கள். ஆனால், “சொன்னால் உட்கார வைத்துவிட மாட்டோம்” என்ற நம்பிக்கையைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.

இப்போதெல்லாம் சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டு வாசலில் பத்தடிக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, மகனுடைய கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தெருவிலுள்ள பாட்டிகளுக்குப் பரீட்சை நடத்துகிறார். எதிர்வீட்டுப் பாட்டிக்கு 15 விநாடியாம். காசிக்குப் போக ஆசையாம் அவருக்கு!