இராப்பொழுதின் கணக்கு

பதுளைப் பகுதித் தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்த்தவர்கள் அதன் கண்டிப்பை அறிவார்கள். ஈரத்துக்கென ஒரு கழிவு, சாக்குக்கென ஒரு கழிவு. அரைக் கிலோவும் கணக்குக்குத் தப்பாது. அதே தோட்டத்துப் பிள்ளைகளின் உடம்பில் ஏறும் மருந்துக்கு அத்தகைய கணக்கு உண்டா என்பதே நமது கேள்வி.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி 2017இல் நம் நாட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. ஆறாந் தரச் சிறுமியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதை நாம் கண்டிருக்கிறோம். அம்மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். சூடு மருந்தைக் கெடுக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிரும் கெடுக்கும் என்பதைச் சிலரே அறிவர். இதிலும், ஏற்புவலி ஊசியிலும் அலுமினிய உப்பு உண்டு. உறைந்தால் அதன் துகள்கள் திரண்டு மருந்தின் வலு குன்றும். இளகிய பின் மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது. சில குப்பிகளில் ஒட்டியுள்ள அடையாளச் சதுரமோ சூட்டுக்குக் கருக்குமேயன்றிக் குளிரைக் காட்டாது.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டப்புற நிலையத்தில் காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிவந்தனர். எழுதியவை யாவும் செம்மையான எண்கள். பின்னர் உள்ளங்கையளவான டேட்டா லொகர் ஒன்று வந்து சேர்ந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஆள் உறங்கும் வேளையிலும், அது வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். முதல் மாதத்துத் தாளை அங்குள்ள மருத்துவ மாது நம்மிடம் காட்டினார். தமிழ் படித்தவனுக்கு வளைகோடு வாசிக்க வருமா என்று வாசகர் ஐயுற வேண்டா, அரைமணியில் பிடிபட்டுவிடும். சீரான சிற்றலை, இயந்திரம் ஓடி ஓய்வதன் அடையாளம். முள்போல் எழுந்து தாழ்வது கதவு திறந்தது. மெல்லச் சாய்ந்து ஏறுவது மின்வெட்டு. மின்சாரம் இருந்தும் கோடு ஏறிக்கொண்டே போனால் கதவின் ரப்பர் தேய்ந்திருக்கலாம், குளிர்வாயு கசிந்திருக்கலாம்.

அத்தாளில் ஒரு நாள் பிற்பகல் மின்வெட்டு. கோடு 8ஐத் தாண்டியது. மின்சாரம் வந்ததும் யாரோ பதறித் திருகியை முழுக் குளிருக்குத் திருப்பியிருக்கிறார். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் இருண்டு கிடந்த நாட்டில் அந்தப் பதற்றம் வியப்பன்று. ஆனால் ஊவா மலையின் தை மாத நள்ளிரவில், எவரும் திறவாத பெட்டிக்குள், கோடு பூச்சியத்துக்குக் கீழே இறங்கி மூன்று மணி நேரம் அங்கேயே கிடந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையில் 8 பாகைக்கு மேல் பத்து மணி நேரம் போனால்தான் கருவி அபாயம் காட்டும். பூச்சியத்துக்குக் கீழே அரைப் பாகை என்றால் ஒரு மணி நேரமே போதும். விடிந்து கதவு திறந்ததும் கோடு ஏறிவிட்டது. பதிவேட்டில் காலைக் குறிப்பு: 3 பாகை.

மருந்தை ஒதுக்கிவைத்து மேலிடத்துக்கு அறிவித்தார் மாது. வந்தவர்கள் கேட்ட முதற் கேள்வி: “திருகியைத் திருப்பியது யார்?” இறைச்சியும் ஐஸும் வைக்கச் செய்த வீட்டுப் பெட்டியை மருந்துக்கென வாங்கியது யார் என்று எவரும் கேட்கவில்லை. கீழ்ப்படியில் நிற்பவரிடம் விசாரணை தொடங்குவது தோட்டத்து மரபு போலும்.

“லொகர் வருமுன்னே இப்படி எத்தனை இரவு போச்சுதோ, மாஸ்டர்?” என்றார் மாது. அதற்குப் பதிவேட்டில் விடையில்லை. அவர் பழைய ஏடுகளைப் புரட்டி, அந்த மாதங்களில் ஊசி பெற்ற பிள்ளைகளின் பெயர்களை லயன் வாரியாக எழுதத் தொடங்கியிருந்தார். அதில் நமது வகுப்புப் பெயர்கள் பதினொன்று இருந்தன.