"இந்தா வந்திட்டுது!"

"வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் செய்துபார்" என்றனர் நம் முன்னோர். வீடு மாறிப்பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்கவில்லை. பிறந்த வளவிலேயே பேரப்பிள்ளைகளைக் கண்டு கண்மூடியவர்களுக்கு அந்தத் தேவை நேர்ந்திராது போலும். இன்றோ உத்தியோகத்தின் பொருட்டும் பிள்ளைகளின் படிப்பின் பொருட்டும் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகாத குடும்பம் நம்மிடையே அரிது. பிறர் பொருளை ஏற்றிச் சென்று ஒப்படைக்கும் தொழிலைப் பற்றிச் சிறிது சிந்திப்பது ஆகவே எல்லார்க்கும் பயன்படும்.

இத்தொழிலில் அதிகம் வழங்கும் சொல் "இந்தா" என்பது. அதன் பொருளை எந்த அகராதியிலும் காணமுடியாது. இந்தா வருகிறது என்றால் இன்னும் புறப்படவில்லை என்றும், இந்தா வந்திட்டுது என்றால் இப்பொழுதுதான் புறப்பட எண்ணுகிறார்கள் என்றும் அனுபவமுள்ளோர் பொருள் கொள்வர்.

இடமாற்றம் பெற்று யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் குடிபெயர்ந்தபோது அந்த அனுபவம் எமக்கும் வாய்த்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன லொறி மாலை நான்கு மணிக்கு வந்தது. சாமான்கள் சனிக்கிழமை விடியும் முன்னரே கொழும்பில் இறங்கிவிடும் என்று உறுதி கூறினர். அதனை நம்பி நாம் இரவுப் பஸ்ஸில் புறப்பட்டோம். பால் காய்ச்சுவதற்குப் பார்த்த நல்ல நேரம் சனி காலை ஒன்பது மணி. நேரம் வந்தது, பாத்திரம் வரவில்லை. அடுத்த வீட்டு அம்மையார் தந்த சட்டியில் பால் பொங்கியது.

தொலைபேசியில் விசாரித்தபோது, "மாஸ்டர், புத்தளம் தாண்டியாச்சு, இந்தா வந்திட்டுது" என்றார் பொறுப்பாளர். மாலையில் மீண்டும் அழைத்தேன். "அநுராதபுரத்தில ரயர் வெடிச்சுப் போச்சு, மாஸ்டர்" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் வழியில் அநுராதபுரத்தைக் கடந்த பின்னரன்றோ புத்தளம் வரும்! பின்னோக்கி ஓடும் அந்த லொறியின் விந்தையை எண்ணி முதலிற் சிரித்தோம். ஞாயிறன்று அழைத்தபோது தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. அதன்பின் எவருக்கும் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை மகள் புதிய பாடசாலைக்குப் போகவேண்டும். சீருடையும் புத்தகங்களும் லொறியில் இருந்தன.

எம் தாயாரோ வாயிற்படியை விட்டு எழவில்லை. 1995ஆம் ஆண்டு ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு நடந்தபோது, வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவர் அவர். மறு ஆண்டு திரும்பிப் போனபோது திறப்பு இருந்தது. திறப்பதற்குக் கதவு இல்லை. முற்றத்தில் ஆட்டுக்கல் ஒன்றுமட்டும் கிடந்தது. பாரம் கருதி அதனை விட்டுச் சென்றனர் போலும். அந்த ஆட்டுக்கல்லும் இப்பொழுது லொறியிலே இருந்தது. ஞாயிறு இரவு அவர் என்னைப் பார்த்து, "தம்பி, இந்த முறையும் எல்லாம் போட்டுதோ?" என்று கேட்டார்.

பொருள் பிந்தினால் இரண்டு நாள் அசௌகரியம், அவ்வளவுதானே என்று எண்ணுவோர் இதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும். ஒருமுறை அனைத்தையும் இழந்த குடும்பத்துக்கு, மறுமொழியில்லாத தொலைபேசி வெறும் அசௌகரியமாக இராது.

திங்கள் மாலை லொறி வந்தது. உடன் வந்த இளைஞன் ஆட்டுக்கல்லைத் தோளிற் சுமந்து மாடிப்படி ஏறினான். தேநீர் அருந்தும்போது உண்மையைச் சொன்னான். லொறி புத்தளத்துக்கும் போகவில்லை, ரயரும் வெடிக்கவில்லை. வேறொருவருடைய சரக்குக்காக வவுனியாவில் இரண்டு நாள் காத்து நின்றிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அவன் லொறியின் கீழேதான் படுத்திருந்தான். ஏசுவதற்கென்று நாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் அவனுக்கு உரியன அல்ல என்பது அப்போது தெரிந்தது.

இதன் சூத்திரம் எளிது. வாகனம் பிடித்துத் தருவோர் பலருக்குச் சொந்தத்தில் வாகனம் இல்லை. கொழும்பிலிருந்து சரக்கேற்றி வந்த லொறி வெறுமையாகத் திரும்பினால் எரிபொருட் செலவு நட்டம். ஆகவே திரும்புகாலில் எம்போன்றோரின் சாமான்களை ஏற்றுகிறார்கள். அரைவாசி நிரம்பிய லொறி மற்ற அரைவாசிக்காகக் காத்திருக்கும். இதிற் குற்றமொன்றுமில்லை, வாடகை குறைவதற்கும் இதுவே காரணம். "திங்கட்கிழமைதான் வரும்" என்று முன்னரே சொல்லியிருந்தால் சீருடையையும் புத்தகங்களையும் கையோடு கொண்டு வந்திருப்போம், தாயாரும் உறங்கியிருப்பார். உண்மையைச் சொன்னால் வாடிக்கை போய்விடும் என்னும் அச்சமே பொய்க்குத் தாய்.

நம் பழைய வணிகர் இவ்வாறிருக்கவில்லை என்பதற்குப் பட்டினப்பாலை சான்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் ஏறுவனவும் இறங்குவனவுமான பொதிகளுக்குச் சோழரின் புலிச் சின்னம் பொறித்துக் காவலிட்ட செய்தியை அந்நூல் கூறுகிறது. பிறர் பொருளையும் தமதேபோல் மதித்த வணிகரையும் அது பாராட்டுகிறது. அதே கருத்தைக் கூறும் வள்ளுவர், அதனை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். தன் சரக்கு, பிறன் சரக்கு என்ற இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பவனே வணிகன் என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

புலிச் சின்னம் இக்காலத்தில் இல்லையெனினும் சட்டம் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கூலிக்குச் செய்யும் எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்படும் என்ற உறுதி, எழுதாவிடினும் ஒப்பந்தத்தில் அடங்கியதாகவே கொள்ளப்படும். முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுத்தல் வேண்டும்.

வீடு மாறுவோர் சிலவற்றைக் கைக்கொள்ளலாம். சாமான்களை எண்ணி இலக்கமிட்டு, இரண்டு பிரதி எழுதி, ஒன்றிற் கையொப்பம் பெறுக. வாகன இலக்கத்தையும் சாரதியின் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொள்க. வேறு சரக்கும் ஏற்றுவார்களா, வழியில் எங்கே தரிப்பார்கள் என்று முன்னரே கேட்டறிக. முழுக் கூலியையும் பொருள் இறங்கும் முன் கொடாதிருப்பது நன்று. சுமந்து வந்த தொழிலாளியை ஏசாதிருப்பது அதனினும் நன்று.

இதனை வாசிக்கும் மாணவரிற் சிலர் நாளை வணிகராவீர்கள், லொறியும் வைத்திருப்பீர்கள். ரயர் வெடிப்பதும் பாலம் உடைவதும் உங்கள் கையில் இல்லை. ஆயினும், காத்திருப்பவர் அழைக்கும்போது தொலைபேசியை எடுத்து, "இன்று வராது, ஐயா, நாளை மாலைதான் வரும்" என்று சொல்வது உங்கள் கையில் உண்டு. அதனைக் கேட்பவர் சிறிது கோபிப்பார். ஆனால் வீட்டிலுள்ள முதியவரிடம் சொல்வதற்கு அவருக்கு ஒரு பதில் கிடைத்துவிடும்.