பாடு ஒருத்திக்கு, பேர் ஒருவருக்கு

பெண் உரிமை பேசினால் குடும்பம் குலைந்துவிடும் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனால் என் பெரியம்மாவை நினைக்கையில், குடும்பத்தைக் குலைப்பது உண்மையில் எது என்று கேட்கத் தோன்றுகிறது.

பெரியம்மாவைப் பெருநிலப்பரப்பில், கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீர் பாயும் ஊரொன்றில் கட்டிக் கொடுத்தார்கள். பெரியப்பா இறந்தபின் வயலை அவரே பார்த்தார். கடன்பட்டு விதைத்ததும், இராத்திரியில் வாய்க்காலடியில் தண்ணீருக்குக் காத்து நின்றதும் அவர்தான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் திரும்பி வந்து பற்றை வெட்டியபோது, கூட நின்றவள் மகள். மகன் வெளிநாட்டில் இருந்தார்.

அது அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. தனக்குப் பின் காணி யாருக்கு என்று பெரியப்பா பதிந்து வைக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அப்படியான காணியை மனைவி ஆயுள்வரை வைத்திருக்கலாம். அடுத்த உரிமையாளரைப் பெயர் குறிக்க முடியாது. பிள்ளைகளில் மகன்மாருக்கே முன்னுரிமை. 2015இல் பெரியம்மா கண்மூட, உரிமை மகனுக்குப் போனது.

அண்ணா நல்லவர். தங்கையை எழுப்பவில்லை. ஆனால் அவள் வருடாவருடம் அண்ணாவின் மனசை நம்பியே விதைக்கிறாள். உரிமை என்பது ஒருவரின் நல்ல மனசில் தங்கியிருக்கலாமா?

இதை நம் பண்பாடு என்றும் சொல்லிவிட முடியாது. சீதனத்தில் ஆயிரம் குறை இருந்தாலும், வீடு வளவை மகளுக்கு எழுதுவதே எங்கள் பக்கத்து வழக்கம். மகளைப் பின்னுக்குத் தள்ளியது ஆங்கிலேயர் காலத்துச் சட்டம்.

1998இல் தொடங்கிய மன்னார் மாதர் அபிவிருத்தி ஒன்றியம் தமிழ், முஸ்லிம் பெண்களை ஒன்றுசேர்த்து உரிமைக்காகக் குரல் கொடுத்து வருகிறது. நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் நெடுங்காலம் கேட்டதன் பின், 2022இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மகனுக்கிருந்த முன்னுரிமை நீங்கியது. பெரியம்மாவின் மகளுக்கு அது பிந்திய மழை.

சகோதரிகளே, உங்கள் வீட்டு அனுமதிப்பத்திரத்தை இன்றே எடுத்துப் பாருங்கள். அடுத்த உரிமையாளர் பெயர் வெறுமையாக இருந்தால், கணவரோடு பிரதேச செயலகத்துக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள். குடும்பம் குலையாது, பிள்ளைகள் பிற்காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுவார்கள்.