செல்லாக்காசின் விலை

ஒருவரை இகழ்ந்துரைக்க நம்மவர்க்குச் ‘செல்லாக்காசு’ என்னும் ஒரு சொல்லே போதும். ஆயினும் கடைத்தெருவில் செல்லாமற் போன பின்னரே சில காசுகளுக்கு நல்வாழ்வு வாய்க்கிறது என்பதைத் தில்லிக்கு வந்த பிறகே நாம் கண்டுகொண்டோம். மைய அரசு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகக் கோப்புகளோடு மல்லாடிவரும் நமக்கு, விடுமுறை நாள்களில் பழைய தில்லியின் நடைபாதைகளிற் பழங்காசு பார்த்துத் திரிவது ஓர் ஆறுதல். கல்லூரியில் வரலாறு படித்ததற்கு இந்தப் பயனாவது உண்டே என்று நம் இல்லத்தரசியாரும் பொறுத்து வருகிறார்.

பொழுதுபோக்காக இருந்தவரை தொல்லையில்லை. அண்மைக் காலமாகச் சங்கத்து அன்பர்கள் கேட்கும் கேள்வி வேறாக இருக்கிறது. “வாங்கிப் போட்டால் ஏறுமா?” என்கிறார்கள், மனையைப் பற்றிக் கேட்பது போல. சென்ற ஆண்டு நம் குடியிருப்பில் அடுத்த கட்டத்தில் வாழும் பெரியவர் ஒருவர் இக்கேள்வியோடு வந்தபோது, அது வெறும் பேச்சாக இல்லை. அவர் பணி ஓய்வு பெற்று மூன்று திங்கள் ஆகியிருந்தது. சேர்ந்த தொகையில் ஊரிலுள்ள ஓட்டு வீட்டை எடுத்துக் கட்டி, அங்கேயே போய்த் தங்கிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். இடையில் யாரோ ஒருவர், நாற்பது பழங்காசுகளை மூன்று லட்சத்துக்குத் தருவதாகவும், ஐந்தாண்டில் அது பத்தாகும் என்றும் ஆசை காட்டியிருக்கிறார். “தம்பி, நீங்கள் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டால் போதும்” என்றார் பெரியவர். தட்டார் வைத்திருப்பது போன்ற சிறு தராசும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு உடன் சென்றோம்.

விற்பவர் பணிவானவர், தேநீர் வரவழைத்தார். முதலில் அவர் பெருமையோடு எடுத்துவைத்தது, ஒருபுறம் இராமர் பட்டாபிஷேகமும் மறுபுறம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்னும் ஆண்டும் பொறித்த செப்புக் காசு. வட நாட்டில் இது இல்லாத பூசையறை குறைவு. அப்படியொரு காசைக் கம்பெனி அடித்ததே இல்லை. யாரோ பிற்காலத்தில் வார்த்துவிட்ட வில்லை அது. விற்பவரும் அதை நம்பியே வைத்திருந்தார் போலும். அவர் முகம் வாடியது நமக்கே சங்கடமாக இருந்தது.

பழமைதான் விலை என்பது நம்மவரிடம் வேரூன்றிய மயக்கம். இராசராச சோழன் பெயரை நாகரி எழுத்தில் தாங்கிய செப்புக் காசு ஆயிரம் ஆண்டு பழையது. ஆயினும் ஏராளமாக அடிக்கப்பட்டு ஏராளமாகவே கிடைத்திருப்பதால், தேய்ந்த காசொன்றை ஒருவர் உணவகத்தில் உண்ணும் செலவுக்குள் வாங்கிவிடலாம். புதுக்கோட்டை அம்மன் காசும் அவ்வாறே. மாறாக, ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1939ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அதைத் தேடுவோர் பலர், வைத்திருப்போர் மிகச் சிலர். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை பிழைத்தன, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதே கணக்கு. கேட்பாரற்ற அருமைக்கு விலையில்லை; அகவிலைப்படி உத்தரவின் பழைய நகல்கூட அருமையானதுதான்!

தில்லிக்கே உரிய ஒரு கதையும் இதற்குச் சான்று. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு இங்கே தர்பார் நடந்த 1911ஆம் ஆண்டில் வெளிவந்த ரூபாயில், மன்னரின் அங்கியிலுள்ள பதக்கமாலையில் ஒரு சிறு யானை உண்டு. அதன் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பன்றி போலத் தெரிகிறதென்று மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. வெளியீட்டை நிறுத்திப் பெரும்பகுதியை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். இன்று பன்றி ரூபாய் என்றே அதற்குப் பெயர். செதுக்கியவரின் சறுக்கல் சேகரிப்போருக்குச் செல்வமாயிற்று.

பெரியவருக்குக் காட்டிய பையிலும் ஒரு 1939 இருந்தது. மூன்று லட்சத்தில் பாதி அதற்காகவே சொல்லப்பட்டதாம். கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, கடைசி இலக்கத்தின் கீழ்ப்பாதி மட்டும் சுற்றியுள்ள தளத்தோடு ஒட்டாமல் சுரண்டிய தடத்தோடு நின்றது. 1938ஆம் ஆண்டு ரூபாய் எளிதிற் கிடைக்கும். அதன் எட்டை ஒன்பதாக்குவதற்கு நல்ல கையும் கெட்ட மனமும் இருந்தால் போதும். எடை சரியாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்நாளைய ரூபாய் 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. எடையும் உலோகமும் ஒத்திருந்தாலே காசு மெய்யாகிவிடாது. ஒவ்வாவிட்டால் மட்டும் ஐயமின்றிப் பொய்.

எஞ்சியவற்றிற் பல நல்ல காசுகளே. ஆனால் ஒருவர் அவற்றைப் பளபளவென்று தேய்த்து வைத்திருந்தார். நம் வீட்டுப் பெண்மணிகள் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்குவது போலக் காசையும் விளக்கிவிடுகிறோம். காலம் பூசிய கருமை போனால், மன்னரின் தாடி மயிரும் பூவேலையின் நுனிகளும் உடன் போகின்றன. விலையிற் பாதியும் போகிறது. அடித்த நாளின் கூர்மை குன்றாத காசுக்கும் கைமாறித் தேய்ந்த காசுக்கும், ஆண்டு ஒன்றேயாயினும், விலை பல மடங்கு வேறுபடும்.

பாட்டியின் காசுமாலையை நினைத்துக்கொண்டோம். பம்பாயில் பிரித்தானியத் தங்கப் பவுனை 1918ஆம் ஆண்டு அடித்தார்கள். குதிரையின் காலடித் தரையில் ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தை அடையாளமாக இட்டார்கள். அத்தகைய பவுனே ஆனாலும் வளையம் பற்றவைத்துவிட்டால் சேகரிப்போர் விலகிப்போவர். அதற்குத் தங்கத்தின் விலைதான். மாலை மாலையாகவே இருப்பதில் தவறொன்றுமில்லை. பேத்தியின் கழுத்துக்குக் கணக்குப் பார்க்கலாகாது.

விற்பவர் காட்டாத மற்றொரு கணக்கைத் திரும்பும் வழியிற் பெரியவருக்குச் சொன்னோம். காசு வட்டி ஈனாது. ஆயிரத்துக்கு வாங்கியதை மறுநாளே அதே கடையில் நீட்டினால் அறுநூறு எழுநூறு கிடைப்பதே அரிது என்பது நம் அனுபவம். அந்தப் பள்ளத்தை ஏறிக் கடந்த பிறகுதான் ஆதாயம். மருத்துவமனையில் முன்பணம் கட்ட வேண்டிய இரவில் பன்றி ரூபாயை யாரும் வாங்கமாட்டார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்போர்க்கு மேலும் ஒன்று: நூறாண்டு கடந்த காசு, 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள், தனியார் அதை நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல இயலாது.

விற்பதிலும் வலையுண்டு. சங்கத்து உறுப்பினர் ஒருவரின் தாயாரிடம், 2012ஆம் ஆண்டு வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த ஐந்து ரூபாய்க்கு மூன்று லட்சம் தருவதாகத் தொலைபேசியிற் சொல்லி, பதிவுக் கட்டணம் கேட்டிருக்கிறார்கள். அவர் கட்டுவதற்குள் மருமகள் நம்மை அழைத்தது நற்பேறு. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இவ்வாறு கட்டணம் பறிக்கிறார்கள் என்று அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

பெரியவர் நம்மோடு பத்து நாள் சரியாகப் பேசவில்லை. கனவைக் கெடுத்தவன் மீது வரும் வருத்தம் இயல்பே. அரைநூற்றாண்டு அளந்து அளந்து செலவிட்டவருக்கு, ஒரு முறையேனும் பணம் தானாகப் பெருகாதா என்னும் ஆசை எழுவதை நாம் எப்படிக் குறை சொல்வோம்? பின்னர் அவரே வந்து, மற்றொரு கடையில் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் பன்னிரண்டை, வெள்ளியின் விலைக்குச் சற்றே மேலான தொகைக்கு, நம்மை உடன் வைத்துக்கொண்டு வாங்கினார். காசுப் பித்து அடங்கினாலும் உலோகம் தாங்கும் என்பது கணக்கு. மீதியை அஞ்சலகத்தில் இட்டார். ஊர் வீட்டுக்குக் கடைக்காலும் போட்டாகிவிட்டது.

அன்று கடையைவிட்டு எழும்போது, தட்டின் ஓரத்தில் 1995ஆம் ஆண்டு தஞ்சை உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வந்த, வள்ளுவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் ஒன்று கிடந்தது. கடைக்காரர் இருபது ரூபாய் சொன்னார். “இது ஏறுமா, தம்பி?” என்றார் பெரியவர். ஏறாது, ஐயா என்றோம். பேரம் பேசாமல் இருபது ரூபாயைக் கொடுத்துச் சட்டைப்பையிற் போட்டுக்கொண்டார்.