அமெரிக்கப் பயணமும் தொலைவின் கணக்கும்

அரபு மொழியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். திரை விலக்கி வெளிப்படுத்துதல் என்பது அதன் வேர்ச்சொல் தரும் பொருள். மனிதரின் இயல்பை வெளிப்படுத்துவதால் பயணம் இப்பெயர் பெற்றது என்பர் முன்னோர். அமெரிக்கா செல்லும் நம்மவர்க்கு அது முதலில் வெளிப்படுத்துவது அந்நாட்டின் தொலைவையே.

பிள்ளைகளைக் காணச் செல்லும் பெற்றோர், வாழ்நாளில் ஒருமுறை கிட்டிய வாய்ப்பென்று, பதினான்கு நாட்களுக்குள் பாஸ்டன், நியூயார்க், வாஷிங்டன், நயாகரா, சிகாகோ, கிராண்ட் கேன்யன், சான் பிரான்சிஸ்கோ என ஏழு இடங்களை அடுக்கிவிடுகின்றனர். தேசப்படத்தில் எல்லாம் விரற்கடைத் தூரந்தான். ஆனால் நியூயார்க்கிலிருந்து மேற்குக் கரைக்குச் சாலைவழி ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர். விமானத்தில் சென்றாலும் ஆறு மணி நேரம். அதற்குமுன் நிலையத்தில் காத்திருப்பு, சோதனை, பின்னர்ப் பெட்டிக்காக நிற்றல், விடுதியைத் தேடுதல். ஒரு பகல் முழுதும் போயிற்று. கடிகாரத்தை மூன்று மணி பின்னே திருப்பிவிடலாம். உடல் அவ்வளவு விரைவில் திரும்பாது. ஏழு இடங்களென்றால் ஆறு இடமாற்றங்கள். அறுபதைக் கடந்த உம்மாவுக்கு, விமான நிலைய நாற்காலிகளும் முழங்கால் வலியுமே அமெரிக்கா என்று நினைவில் நிற்கும். இத்தனை பணத்தையும் பாசத்தையும் செலவிட்டது இதற்காகவா?

ஆகவே ஒரு கரையைத் தேர்ந்துகொள்வதே நலம் என்பேன். கிழக்கில் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா, வாஷிங்டன் ஆகிய நான்கும் ஒரே இரயில் தடத்தில் அமைந்தவை. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் சுமார் 360 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரத்தில் நகரின் நடுவிலேயே இறங்கலாம். அங்குள்ள ஸ்மித்சோனியன் காட்சிச்சாலைகளுக்குக் கட்டணமில்லை. அந்நகரின் காங்கிரஸ் நூலகத்தில் உமர் இப்னு ஸயீதின் அரபுக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது. இன்றைய செனகல் பகுதியில் பிறந்து, கல்வி கற்று, 1807இல் அடிமையாகக் கப்பலேற்றப்பட்ட அவர், வட கரோலினாவில் 1831இல் எழுதிய தன்வரலாறு அது. 'அல்முல்க்' அத்தியாயத்துடன் தொடங்குகிறது. நூலகம் அதனை 2017இல் பெற்றது. இத்தகைய நகருக்கு அரைநாள் ஒதுக்கும் திட்டத்தை ஓட்டமென்று சொல்லலாம். பயணமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரு கரைகளையும் கண்டே தீரவேண்டும் என்போர், நியூயார்க்கில் இறங்கிச் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தாயகம் திரும்பும்படி விமானச் சீட்டு எடுக்கட்டும். வந்த வழியே மீளும் வீண் அலைச்சல் குறையும். நயாகரா, நியூயார்க்கிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர். அதன் கனடாப் பக்கத்துக்குச் செல்ல இந்தியக் கடவுச்சீட்டு உடையோர்க்குத் தனி விசா வேண்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே குடிநுழைவுச் சோதனை நடைபெறும். அங்கே பெட்டிகளை எடுத்துச் சுங்கம் கடந்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும் என்பதே பொதுவான முறை. அடுத்த விமானத்திற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். விசாவில் அச்சிட்ட காலாவதித் தேதி வேறு, தங்குவதற்கான அனுமதி வேறு. பின்னதை நிர்ணயிப்பவர் நுழைவாயில் அதிகாரியே. அத்தேதியை ஐ-94 பதிவில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவக் காப்பீடு இன்றிப் புறப்படுதல் கூடாது. ஒரே இரவு மருத்துவமனையில் தங்க நேர்ந்தாலும் மகனின் சேமிப்பு கரைந்துவிடும். முன்பே உள்ள நோய்களுக்கு அக்காப்பீடு எந்த அளவு பொறுப்பேற்கிறது என்பதைக் கையொப்பமிடுமுன் படித்தறிதல் அவசியம். மாத்திரைகளை மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மகன் வீட்டு முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி, வாப்பாவிடம் ஒன்றும் உம்மாவிடம் ஒன்றுமாகக் கொடுத்துவிடுங்கள்.