கலங்கல்

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் அண்மையில் எழுதிய மடலில் பீவர் என்னும் விலங்கைப் பற்றிக் குறைபட்டிருந்தார். ஓடையோர மரங்களைப் பல்லாலேயே அறுத்து வீழ்த்தி, குறுக்கே அணை கட்டி, அவர் தோட்டத்தை நீரில் ஆழ்த்திவிடுகிறதாம். (இதனை நீர்நாய் என்று மொழிபெயர்ப்போர் உண்டு. பிழை, நீர்நாய் மீனுண்ணும் வேறோர் உயிர்.) படித்ததும் எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அங்கே அணை கட்டும் எலியால் தொல்லை. இங்கே கரையை உடைக்கும் எலியால் தொல்லை.

தாம்பரத்திற்கு மேற்கே, படப்பைக்கு அப்பால், ஓர் ஏரியின் கீழ் எங்கள் பாட்டனார் விட்டுச்சென்ற ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. உடன்பிறந்தார் மூவரும் முடிச்சூர்ப் பக்கம் குடியேறிவிட்டோம். பருவத்திற்கு நாலைந்து முறை போய்ப் பார்ப்பதோடு சரி. 2021 நவம்பர் மழையில் ஒருநாள் விடியலில் பக்கத்து நிலத்துப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, கரையில தண்ணி கசியுது. கலங்கலா வருது. உடனே வாங்க."

கலங்கல் என்பது எங்கள் பகுதியில் ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் இடத்திற்குப் பெயர். அச்சொல்லின் மற்றொரு பொருள் எவ்வளவு அச்சம் தரும் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். மண்கரையில் தெளிந்த நீர் சற்றுக் கசிவது இயல்பே. கலங்கி வந்தால், கரையின் உள்மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். துளை பெரிதாகும், பிறகு கரை உள்வாங்கும். 2015 டிசம்பர் முதல் நாள் தொடங்கி இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியபோது, முடிச்சூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளம் மூழ்கக் கண்டவர்கள் நாங்கள். நீர் வரும் வேகத்தை எங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

துளை பெருச்சாளியின் வளை. பெரியவர் கசியும் வாயை அடைக்க விடவில்லை. அடைத்தால் நீர் வேறிடத்தில் பீறிடுமாம். வெளிப்புறத்தில் துளையைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீரைத் தேங்கவைத்தோம். தேங்கிய நீரின் எடையே கசிவின் வேகத்தைத் தணித்தது. ஏரிப்பக்கத்தில் இருவர் மார்பளவு நீரில் இறங்கி, நுழைவாயைக் காலால் தேடிக் களிமண்ணும் வைக்கோலும் திணித்தனர். நண்பகலில் நீர் தெளிந்தது.

மழை விட்டதும் நாங்கள் செய்த முதற்காரியம் மடமையானது. கடையில் புரோமாடையலோன் கட்டிகள் வாங்கி வளைதோறும் வைத்தோம். இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாட்களில் கொல்லும் நஞ்சு அது. அதுவரை எலி தள்ளாடித் திரியும், இரையாகவும் அகப்படும். பத்து நாள் கழித்துப் பனையடியில் ஒரு கூகை இறந்து கிடந்தது. எங்கள் நஞ்சினால்தான் என்று எவரும் உறுதி கூறவில்லை. அல்ல என்றும் எங்களால் சொல்லிக்கொள்ள இயலவில்லை. ஓர் இரவில் எங்களைவிடத் திறமாக எலி பிடிக்கக்கூடிய பறவை அது.

பின்னர்தான் இருளர் குடும்பம் ஒன்றை அழைத்தோம். இம்மாவட்டத்து வயல்களில் தலைமுறைகளாக எலி பிடித்து வருபவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அவர்களில் பலர் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தனர். 1978இல் தொடங்கிய அவர்களது கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில் பாம்பின் நஞ்சை எடுத்து மருந்துக்கு வழங்குகிறது. அவ்வளவு சாரையும் நாகமும் தோலாகிப் போகாதிருந்தால் எங்கள் கரையில் வளைகள் இத்தனை இருந்திருக்குமா என்று தோன்றியதுண்டு.

வந்தவர் கரையைப் பார்த்துவிட்டு, "இப்பத் தோண்டக் கூடாது சார். கரை ஈரமா இருக்கு. வெயில் காலத்துல கூப்பிடுங்க" என்று கூலி வாங்காமல் திரும்பிவிட்டார். சித்திரையில் ஏரி வற்றியதும் மனைவியோடு வந்தார். எந்த வளை பழையது, எது புதியது என்பதை வாயடைத்த மண்ணின் ஈரத்தைத் தொட்டே சொன்னார் அந்த அம்மாள். மூன்று நாட்களில் இருபத்திரண்டு பெருச்சாளிகள். ஓர் அறையில் நெற்கதிர்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. எங்கள் நெல்தான், ஆயினும் அந்த அடுக்கின் நேர்த்தியைக் கண்டு சற்று நின்றோம்.

தோண்டிய ஒவ்வொரு வளையையும் அடிவரை திறந்து, களிமண்ணை அடுக்கடுக்காக இட்டு, நீர் தெளித்து இடித்துக் கெட்டித்தோம். மேலாக மண் தள்ளி மூடினால் உள்ளே குழல் அப்படியே இருக்கும். கி.பி. 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் என்னும் குழு குறிக்கப்படுவதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். வாரியத்தார் ஆண்டு முழுதும் என்னதான் செய்திருப்பர் என்று ஒருமுறையும் நினைத்ததில்லை.

அவ்வாண்டே கரையோரம் நூறு பனங்கொட்டைகள் ஊன்றினோம். கிழங்கு விட்டதும் ஏறக்குறைய பாதியைப் பெருச்சாளிகள் தின்றுவிட்டன. எஞ்சியவை இப்போது முழங்கால் உயரம். ஐப்பசி பிறந்துவிட்டால் ஞாயிறுதோறும் மூவரில் ஒருவர் கரையின் வெளிப்புறமாக நடந்து வருகிறோம். சென்ற வாரம் தம்பியின் முறை. மதகிற்கு வடக்கே புதுமண் குவிந்திருக்கிறதாம்.