ஐந்து டப்பா அருகுலா

அருகுலா என்ற கீரையின் பெயரை நம்மில் பலர் உணவகப் பட்டியலில்தான் முதலில் படித்திருப்போம். சில இடங்களில் ரோக்கெட் என்றும் எழுதியிருப்பார்கள். பேரங்காடிக் குளிர்ப்பெட்டியில் அதில் ஒரு கைப்பிடிக்குக் கேட்கும் விலைக்குப் பாசாரில் கட்டுக் கட்டாகக் கங்கோங் வாங்கிவிடலாம். அதனால்தான் ஒரு பொட்டலம் விதை வாங்கி வீட்டிலேயே போட்டேன்.

பெயர்தான் நமக்குப் புதிது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு எல்லாம் இதற்குச் சொந்தம். ராஜஸ்தானில் இதே செடியைத் தாராமீரா என்ற பெயரில் குளிர்காலத்தில் விதைத்து, விதையை ஆட்டி எண்ணெய் எடுக்கிறார்கள். என் பாட்டிக்கு இந்த விவரமெல்லாம் தேவைப்படவில்லை. ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "கடுகு காரமால்ல இருக்கு! இத பச்சையாவா திம்பாங்க?" என்றார்.

பாட்டி மம்பாவ் வட்டாரத் தோட்டமொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தால், மாலையில் லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு நிற்பார். பசலை, கத்தரி, அவரைப் பந்தல், வேலியோரம் மரவள்ளி. மழை பெய்து வெட்டு நின்ற நாள்களில் வீட்டுக்குச் சோறு போட்டது அந்தத் துண்டு நிலந்தான். ஆங்கிலேயர் காலத்து 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கச் சொன்னது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. ஒதுக்கச் சொன்னதே தவிர, சொந்தமாக்கச் சொல்லவில்லை. தோட்டம் கைமாறியபோது லயத்தோடு அதுவும் போயிற்று. வீட்டுக்கு இழப்பீடு பேசினார்கள். பாட்டியின் முருங்கை மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது எங்களுக்கு அடுக்குமாடியில் இரண்டாம் மாடி. நான் மண் மூட்டை தூக்கி வந்த அன்று பாட்டி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மண்ணையா காசு குடுத்து வாங்குன?"

ஐந்து ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடியில் துளையிட்டு, மண்ணோடு தென்னை நார்த்தூளும் மக்கிய உரமும் கலந்து, விதையை மேலாகத் தூவினோம். நான்காம் நாள் முளைத்தது. ஆனால் இது குளிரை விரும்பும் செடி. நம் ஊர் 32 பாகை வெயிலில் சீக்கிரமே தண்டு நீட்டிப் பூக்கப் பார்க்கும், இலையும் கசக்கும். அந்தப் பொறுப்பைப் பாட்டி எடுத்துக்கொண்டார். காலை வெயில் மட்டும் படும்படி இடம் மாற்றினார். பத்து மணிக்கு மேல் தாத்தாவின் பழைய கைலி கம்பியில் தொங்கும். விடிந்ததும் ஒருமுறை, பொழுது சாய ஒருமுறை தண்ணீர். இரு வாரத்துக்கு ஒரு டப்பா என்று மாற்றி மாற்றி விதைக்கச் சொன்னதும் அவர்தான். ஒரு மாதத்தில் வெளி இலைகளை வெட்டத் தொடங்கினோம். நான் பச்சையாகத் தின்கிறேன். அவர் வெங்காயம், காய்ந்த மிளகாய், தேங்காய்ப்பூ போட்டு வதக்குகிறார். சூட்டில் காரம் அடங்கிவிடுகிறது. உண்மையில் அதுவே ருசி.

ஒரு டப்பாவை மட்டும் வெட்ட விடவில்லை. நான்கிதழ் வெள்ளைப் பூ பூத்து, இப்போது காய் பிடித்திருக்கிறது. கீழ் வீட்டில், அதே லயத்திலிருந்து வந்த ஓர் அக்கா விதைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்.

போன வாரம், நடைபாதையில் செடி வைக்கக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். பாட்டி அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். காய் முற்ற இன்னும் சில நாள்கள் வேண்டும். டப்பாவை அவர் சமையலறைச் சன்னலுக்கு மாற்றியிருக்கிறார்.